வேண்டாதவன் வாங்கிய வாட்ச்

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்மா. வாங்கணும்னெல்லாம் இல்ல" என்றான் திலீபன்.

சுத்தப் பொய். தேனியிலிருந்து கெங்குவார்பட்டிக்கு பைக்கில் வரும்போதே, அந்த வாட்ச்சுக்கு எந்த நிறத்தில் வார் மாட்டுவது என்றுகூட முடிவு செய்திருந்தான். வீட்டில் ஏற்கெனவே பதினொரு பழைய வாட்ச். அத்தனையும் ஓடுகின்றன, அவன் மணி பார்ப்பது என்னவோ செல்போனில்தான். ஆனால் சாவி கொடுத்து, பொத்தானை அமுக்கினால் ஓடி, மறுபடி அமுக்கினால் நிற்கும் முள் வைத்த குரோனோகிராஃப் மட்டும் அவனிடம் இல்லை. அந்த ஒரு குறை அவனைத் தூங்கவிடவில்லை.

வாட்ச்சை விற்க வைத்திருந்த ராக்கம்மாள் டப்பாவைத் திறந்தாள். வெள்ளை முகம், இரண்டு குட்டி வட்டங்கள், ஓரத்தில் சிவப்பு எண்கள். சிவப்பு எண் இருந்தால் விலை இரட்டிப்பு என்று அவன் படித்திருக்கிறான். அது எதற்கு என்று மட்டும் படிக்கவில்லை.

"வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்கா எஸ்டேட்ல வேல பாத்தேன் தம்பி. ஊருக்கு வரையில பெரியவரு ஒருத்தர் குடுத்தாக."

ஏலக்காய் பறித்தவளுக்கு இதன் அருமை எங்கே தெரியப்போகிறது என்று திலீபன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"எவ்வளவு சொல்றீங்க?"

"நாப்பதாயிரம்."

எண்பதுக்கே மலிவுதான். அவன் மெனக்கெட்டு ஒரு கொட்டாவி விட்டான்.

"இதையெல்லாம் இப்ப யாரும்மா கட்டுறா?"

"கட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. கையக் குடுங்க."

கட்டிவிட்டு, பொத்தானை அமுக்கினாள். முள் ஓடியது. அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்திருந்தாள். பிரிய மனசில்லை போலிருக்கிறது, விலை ஏறிவிடுமோ என்று அவனுக்குப் பயமாகிவிட்டது.

"மாடி ஏறுனதுக்கா இப்பிடி மூச்சு வாங்குது?"

"வெயில்மா." ஆசை முகத்தில் தெரிந்துவிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அடிக்கடி இப்பிடி வாங்குமோ?"

"அத விடுங்க. கடைசி விலை சொல்லுங்க."

அவள் முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஓடவிட்டாள். மறுபடி அதே பிடி. முகம் வாடிப்போனது.

"இருபது குடுங்க, போதும்."

பாதி! ஒரே ஒரு கொட்டாவிக்கு! திலீபனுக்குத் தன் நடிப்பின்மேல் மரியாதையே வந்துவிட்டது. "சரி, இவ்வளவு தூரம் வந்துட்டேன்" என்று பெரிய மனசு பண்ணுகிறவன்போலப் பணத்தை நீட்டிவிட்டு எழுந்தான்.

"ஏன் பாதியாக் கொறைச்சேன்னு கேக்கலையே தம்பி?"

"எனக்கு ஆசையில்லன்னு தெரிஞ்சிருக்கும்."

"ஆசை கெடக்கட்டும். முப்பத்திரண்டு வருசம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸா இருந்தவ நான். அந்தச் செவப்பு எண்ணு நாடி பாக்கத்தான். உங்களுக்கு நாடி நாலு அடிச்சா அஞ்சாவத முழுங்குது; ரெண்டு தடவை எண்ணிட்டேன். கொறைச்ச இருபதாயிரத்துக்கு இன்னைக்கே ஒரு இருதய டாக்டரப் பாருங்க. பைக்க இங்கனயே விட்டுட்டு பஸ்ல போங்க!"