பெட்டிக்குள் ஐந்து நிமிடம்

"கொசு வளக்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

லைசென்ஸ்காரி நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். மடியில் கொசு அடிக்கும் மின் மட்டை. வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருபவர்களுக்குத் தேர்வு வைப்பது அவள் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் கையால்தான் லைசென்ஸ் கிடைத்தது. மீதிப் பேருக்கு அவள் கையால்தான் கிடைக்கவில்லை.

எதிரே கொசுக்காரர் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் அவர் கொண்டுவந்த வலைப்பெட்டி.

"ஆய்வுக்கூடத்துல வேலைங்க. வாரத்துக்கு ரெண்டு லட்சம் பொரியுது," என்றார் பெருமையாக.

"கேட்டீங்களா?" அவள் கணவனிடம் திரும்பினாள். "ஊரே அடிச்சுக் கொல்லுது. இவர் தாலாட்டி வளக்கிறார்."

"வெளிய விடுறது ஆம்பளக் கொசு மட்டுந்தாங்க. அது கடிக்காது, பூவுல தேன் குடிச்சிட்டுத் திரியும். அதோட மரபணுவ மாத்தியிருக்கோம். அதுக்குப் பொறக்கிற பொண்ணுங்க வளர்றதுக்குள்ள செத்துடும். கடிக்கிறது பொண்ணுங்கதானே?"

"ஆமாமா, கடிக்கிறது பொண்ணுங்கதான்," என்றான் கணவன் அனுபவத்தோடு. மட்டை அவன் பக்கம் திரும்பியது.

அந்த வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டை வலை. வாளி, குவளை, பூந்தொட்டித் தட்டு என்று தண்ணீர் நிற்கக்கூடிய எதுவும் அங்கே நிமிர்ந்து இருக்கவில்லை.

"ஏழு வருஷத்துக்கு முன்னால இந்த வீட்டுல ஒருத்தரக் கொசுக் காய்ச்சல் எட்டே நாள்ல கொண்டுபோச்சு. தெரியுமில்ல?"

"தெரியுங்க. சொன்னாங்க."

"தெரிஞ்சும் கொசுவத் தூக்கிட்டு சம்பந்தம் பேச வந்திருக்கீங்க."

"நீங்கதானே போன்ல கொண்டாரச் சொன்னீங்க? இந்த வாரம் கொசு விட வேண்டிய தெருப் பட்டியல்ல உங்க தெருவும் இருந்துச்சு. அதனாலதான் பெட்டிய வெளிய எடுத்துட்டு வர அனுமதியே கிடைச்சுது."

அடுக்களையில் ஒரு டம்ளர் உருண்டது. லைசென்ஸ்காரி குரலைத் தாழ்த்தினாள். "உள்ள இருக்கிற ஆளுக்கு நான்தான் பொறுப்பு. ஆசப்பட்டாச்சுன்னு கண்ண மூடிக்கிட்டு அனுப்ப முடியாது. எங்க பாத்துக்கிட்டீங்க ரெண்டு பேரும்?"

"தெருக் கூட்டத்துலங்க. கொசுவே விடக்கூடாதுன்னு எழுந்து நின்னு என்னத் திட்டினாங்க. 'கொசு இல்லாமப் போனா வௌவால் எதத் தின்னும்?'னு கேட்டாங்க. மூணு மாசம் வௌவால் எச்சத்த அள்ளிட்டு வந்து மைக்ராஸ்கோப்புல பாத்தேன். வண்டுக் கால், விட்டில் எறகுன்னு என்னென்னவோ இருந்துச்சு. இந்தக் கொசு ஒண்ணோ ரெண்டோதான். அதச் சொல்லப் போனேன். ஒடனே அடுத்த கேள்வி கேட்டாங்க. அதுக்குப் பதில் தேடிக்கிட்டுப் போனேன். அப்புறம் அப்படியே..." அவர் முகம் சிவந்தது.

"வௌவால் எச்சத்துல ஆரம்பிச்ச காதல்! சாட்சிக்கு மைக்ராஸ்கோப்பு வேற," என்றான் கணவன்.

"சும்மா இருங்க." அவள் பிடியை விடவில்லை. "சாகாம ரெண்டு மூணு தப்பிச்சா?"

"தப்பிக்குதுங்க. நூத்துக்கு மூணு நாலு. இல்லேன்னு சொன்னா அது பொய். அதான் வாராவாரம் பொறி வெச்சுப் பிடிச்சு எண்ணுறோம். எண்ணிக்கை ஏறினா விடுறத நிறுத்திடுவோம். ஏன், இந்தப் பெட்டியிலயே பிரிக்கும்போது கண்ணுக்குத் தப்பி ஒரு பொண்ணு கெடக்கலாம்."

பிரேக் சரியில்லை என்று தானாகவே சொல்லிவிட்ட முதல் ஓட்டுநரைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மட்டையைக் கீழே வைத்தாள்.

"சரி, டெஸ்ட்டு. என் கை அஞ்சு நிமிஷம் உள்ள இருக்கும். ஒண்ணு கடிச்சாலும் இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

பெட்டியின் பக்கத்தில் கை நுழைக்க ஒரு துணிக்குழாய் இருந்தது. வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டாள். சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் எழுந்து சுற்றியது. கணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்றாவது நிமிடத்தில் அவள் புருவம் லேசாக நெரிந்தது. சரியாக அப்போது அடுக்களையிலிருந்து மெல்ல ஒரு பாட்டு கேட்டது. கூடவே கரண்டியால் தாளம். லைசென்ஸ்காரி அசையாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்றான் கணவன்.

"ஒண்ணுமில்ல. நீங்க மணியப் பாருங்க."

"நாலு... நாலரை... அஞ்சு!"

கையை வெளியே எடுத்தாள். விரல்களை மடக்கிக்கொண்டு, மணிக்கட்டு முதல் முழங்கை வரை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். ஒரு தடிப்புகூட இல்லை.

"பாஸ்," என்றாள்.

கொசுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

லைசென்ஸ்காரி அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள். "அம்மா! பாடினது போதும், வெளிய வா. உனக்கு மாப்பிள்ளை முடிவாயிடுச்சு."

ஐம்பத்தெட்டு வயதில் கன்னம் சிவக்க, தேநீர்த் தட்டோடு அம்மா வந்தாள். கொசுக்காரர் நரைத்த தலையை அவசரமாகக் கோதிக்கொண்டு எழுந்து நின்றார்.

"இத்தனை வருஷமா இந்த வீட்டுக்கு நான் ஒருத்தன்தான் மாப்பிள்ளைன்னு ராஜா மாதிரி இருந்தேன். கெடுத்துட்டீங்களே சார்," என்றான் கணவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா போன நாளோடு நின்றுபோன பாட்டை ஏழு வருடம் கழித்து மீண்டும் கேட்டுவிட்ட லைசென்ஸ்காரியும் சிரித்தாள், முதுகுக்குப் பின்னால் மடக்கியிருந்த விரல்களைப் பிரித்து, அவற்றின் நடுவே சிவந்து தடித்திருந்த இடத்தை யாருக்கும் தெரியாமல் சொறிந்தபடியே.