இரண்டேகாலுக்கு முன் ஒரு பிச்சிப்பூ

பேச்சிராஜ் குற்றவாளி என்று மதியத்துக்கு முன்பே தீர்ப்பாகிவிட்டது. எத்தனை வருடம் என்பது மட்டும் இரண்டேகாலுக்கு. தென்காசி கோர்ட் வராந்தாவுக்குள் சாரல் அடிக்கிறது. பட்டப்பகலிலேயே டியூப்லைட் எரிகிறது, அதுவும் விட்டுவிட்டு. அவன் மனைவி சத்யபிரியா உட்காருகிறாள், எழுந்திருக்கிறாள், கைக்குழந்தையைத் தோள் மாற்றுகிறாள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பேச்சிராஜ் மண்வெட்டியால் அடித்ததில் செத்துப்போனவனின் பெண்டாட்டி எதிர்ப் பெஞ்சில் இருக்கிறாள். காலையிலிருந்து அவள் கண் சத்யபிரியாவின் தலையிலிருக்கும் பிச்சிப்பூவை விட்டு நகரவில்லை. பேச்சிராஜின் வக்கீல் சத்யபிரியாவிடம் குனிந்து, "பூவ எடுத்திருங்கம்மா. அய்யா தண்டனை சொல்லுதப்ப குடும்பத்தையும் பாப்பாரு. பாக்கப் பாவமா இருக்கணும்" என்கிறார்.

"அவுக உசிரோட இருக்கையில நான் எப்படி சார் பூவ எடுப்பேன்?"

"ரெண்டு வருசம் கொறைஞ்சாலும் கொறையும்."

டவாலி பேச்சிராஜின் பெயரைக் கூப்பிடுகிறார். சத்யபிரியாவின் விரல்கள் கொண்டையில் தடுமாறுகின்றன. ஹேர்பின் தரையில் விழுந்து சத்தமிடுகிறது. பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டு நிமிர்கிறாள். எதிர்ப் பெஞ்சில் இருப்பவளின் கை தானாக எழுந்து, பூ இல்லாத தன் பின்னந்தலையைத் தொட்டுப் பார்க்கிறது.