கூடப் பிறந்த கன்று

தோள்வரை உறை மாட்டிய கையைக் கிடாரியின் உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் ஜீவிதா திரும்பிப் பார்த்தார்.

"இது ஒத்தைக் கன்னா பொறந்துதா, ரெட்டையா?"

ரெட்டைதான் என்றான் சரத். கூடப் பிறந்த காளைக்கன்றைப் பால் மறந்ததுமே விற்றாயிற்று.

மருத்துவர் கையை உருவிக்கொண்டார்.

அவன் அக்கா பொன்னி கயிற்றைப் பிடித்தபடி கிடாரியின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். பிள்ளையில்லை என்று புருஷன் வீட்டில் அனுப்பிவிட்ட பிறகு ஏனாத்தூரில் இந்தக் கொட்டகைதான் அவளுக்குக் கதி. கிடாரி அவள் வளர்த்தது. எத்தனை ஊசி போட்டும் அது ஒரு தடவைகூடப் பருவத்துக்குக் கத்தவில்லை. இன்றைக்கும் வழியில்லையென்றால் அடிமாட்டுக்குத் தள்ளிவிடுவது என்று சரத் முடிவு கட்டியிருந்தான். மலடுக்கெல்லாம் யார் தீனி போடுவது என்று காலையில் அவள் காதுபடவே சொன்னான், மகாராசன்.

காளையும் கிடாரியும் ஒரே வயிற்றில் வளர்ந்தால் நஞ்சுக்கொடி ஒட்டி ரத்தம் கலந்துவிடும் என்றார் ஜீவிதா. காளைக்கன்றின் ஹார்மோன் இதன் உடம்பில் ஏறிக் கர்ப்பப்பையை வளரவே விடவில்லை. இனி எந்த ஊசியும் பலிக்காது.

"பாவம், இது மேல தப்பே இல்லைங்க. கூட இருந்தது பண்ண வேலை."

சரத்தால் பொன்னியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன வாரம்தான் அவன் மகனைத் தொட்டிலில் போட்டார்கள். பொன்னி பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய பட்டுப்புடவையில்தான் தொட்டில் கட்டியது. அத்தைதான் பிள்ளையைக் கிடத்திப் பெயர் சொல்ல வேண்டும். அவள் கையை நீட்டினாள். சரத் குறுக்கே வந்து, நல்ல காரியமாச்சே என்று முணுமுணுத்துக்கொண்டு, பிள்ளையைச் சித்தப்பா மகளிடம் கொடுத்தான். வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பொன்னி நீட்டிய கையாலேயே தொட்டில் புடவையின் மடிப்பை நீவிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

"மனுசங்களுக்கும் இப்படி ஆவுமா டாக்டர்?" என்றான்.

சொறிந்துகொண்டிருந்த பொன்னியின் கை நின்றது.

அக்கா என்று கூப்பிடுவதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். இரண்டு பேரும் ஒரே பிரசவம்; அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவே.

ஜீவிதா சிரித்துவிட்டார். "ஐயோ, அதெல்லாம் ஆவாதுங்க. மனுசங்க ரெட்டைல யாரும் யாரையும் ஒண்ணும் பண்றதில்லை."

பொன்னி கயிற்றை அவன் பக்கம் நீட்டினாள். விற்கப்போகிறவன் அவன்தானே. போன வாரம் நீட்டிய அதே கை. கயிற்றை வாங்க அவனுக்குக் கை எழவில்லை, கூசிப்போய் நின்றான்.

வயிற்றில் இருந்தவரை அவன் அவளை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் வெளியே வந்த பிறகுதான்.