இன்னொரு தடவை

பாரிஸ் நகரத்து இசை அரங்கின் கூரையில் ஓர் அண்டங்காக்கை இருந்தது. பறவைகளின் பாட்டில் குறை சொல்வது அதன் தொழில். "சுருதி சேரலை. இன்னொரு தடவை பாடு" என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியது. பெயர் வளர வளர, பறவைகள் வேறு கூரைகளுக்குப் போய்விட்டன.

காக்கையின் துணையும் இறந்துபோன குளிர்காலத்தில், ஊருக்குப் புதிய வானம்பாடி ஒன்று வந்து பாடியது. காக்கைக்கு ஆயுளில் முதன்முறையாக ஒரு குறையும் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை பாடு" என்றது.

வானம்பாடியின் முகம் வாடியது. "அவ்வளவு மோசமாவா இருந்துச்சு, ஐயா? உங்களைப் பத்தி எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்காம வந்துட்டேன்" என்று பறந்துவிட்டது.

"போகாதே!" என்று காக்கை பின்னாலிருந்து கத்தியது. அந்தக் கரகரத்த குரலில், அதுவும் திட்டுவது போலத்தான் கேட்டது.