அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேச்சு

வீட்டில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் தானாகவே கிளவுடில் ஏறிவிடும். பதிவைப் போட்டுக் காட்ட முடியாத பேச்சு எந்த வீட்டுச் சண்டையிலும் எடுபடாது.

"அத்தை வரவேணாம்னு நான் எப்ப சொன்னேன்? பதிவு இருந்தா போடுங்க, கேக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை சமையலறைக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. அவள் சொன்னாள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. "உங்கம்மா உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்." அவள் புருஷன் தணிகைவேலுக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருந்தது. ஆனால் அந்த ஒரு நாளின் பேச்சு மட்டும் கிளவுடில் இல்லை.

"வேற அக்கவுண்ட்ல பாத்தீங்களா சார்?" என்றாள் போனில் கிளவுட் உதவி மையத்துப் பெண்.

"பாத்தாச்சும்மா. பாஸ்வேர்டு மாத்தியாச்சு. நீங்க சொன்னீங்கன்னு மூணு தடவ அக்கவுண்ட்ட விட்டு வெளிய போய் உள்ள வந்தாச்சு. நீங்க தொலைச்சுட்டு என்னையே தேடச் சொன்னா என்ன நியாயம்?"

"நாங்க தொலைக்கல சார். குப்பைத்தொட்டியில இருக்கு. அதே வாரம் வெள்ளிக்கிழமை நீங்கதான் போட்டிருக்கீங்க. காரணம் கேட்ட எடத்துல, 'ரொம்ப அழுதா, மன்னிச்சுட்டேன்'னு எழுதியிருக்கீங்க. மீட்டுத் தரட்டுமா சார்?"



"என்னங்க, கெடச்சுதா?" சமையலறையிலிருந்து ஜெயித்த குரல் வந்தது.

"கெடைக்கல, போ!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தான்.