பிழியாத துணி

சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்த பிறகும் பேருந்தின் வைப்பர் ஆடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் அதை நிறுத்த மறந்துவிட்டார். நனைந்த கண்ணாடியில் வெயில் சுள்ளென்று விழுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கடல். கடற்காற்று கொண்டுவரும் மேகத்தையெல்லாம் மலை மறித்து அங்கேயே கொட்டவைத்துவிட, வெறுங்கையோடு இறங்கி வரும் காற்றுதான் இந்தப் பக்கத்துக்கு. நிறுத்தத்தில் தையல்காரப் பெண் காத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா கைக்குழந்தைக்காரி. அங்கே துணி காயவே காயாது. அதனால் குழந்தையின் துணி தினமும் காலை வண்டியில் வந்து, இங்கே கொடியில் மொறுமொறுவென்று காய்ந்து, மாலை வண்டியில் திரும்பிப் போகிறது. இன்று மூட்டையிலிருந்து சொட்டிய நீர் படிக்கட்டு வரை ஓடியிருக்கிறது. "உங்க அக்காவுக்குத் துணி பிழியவே தெரியாதாம்மா? வண்டி தெப்பமா நனைஞ்சு கிடக்கு" என்று ஓட்டுநர் கடுகடுக்கிறார். "நான்தாண்ணே பிழியாம அனுப்பச் சொன்னேன்" என்கிறாள் அவள், முகத்தைப் பார்க்காமல். நிறுத்தத்தை ஒட்டிய அவளுடைய தையல்கடை வாசலில் தகர டப்பாவில் ஒரு தக்காளிச் செடி தலை தொங்கி நிற்கிறது. இங்கே தண்ணீர் லாரி வருவது குடிக்க மட்டும்தான். செடிக்கு ஊற்ற யாருக்கும் கை வராது. அவள் மூட்டையை அவிழ்த்து, உள்ளங்கை அகலச் சட்டை ஒன்றைச் செடியின் அடியில் முறுக்கிப் பிழிகிறாள். "மழைத் தண்ணியில அலசினது. சோப்புகூடக் கிடையாது." மண் அதைச் சத்தத்தோடு உறிஞ்சுகிறது. ஓட்டுநர் வைப்பரை நிறுத்துகிறார். கியரைப் போட்டுவிட்டு, சாலையைப் பார்த்தபடியே சொல்கிறார்: "நாளைக்கு மூட்டைய ஒரு வாளியில வச்சுக் குடுக்கச் சொல்லும்மா. வழியில சொட்டுறது வீணாப் போகுது."