நானூறு லிட்டர் பெயின்ட்

"நானூறு லிட்டர் பெயின்ட் வாங்கினதா பில் இருக்கு. சுவர்ல ஒரு சொட்டுக்கூடக் காணோமே?"

அரசு ஆஸ்பத்திரியின் ஸ்டோர் ரூமில் நின்று கேட்டார் தணிக்கை அதிகாரி. ஆள் கறார்ப் பேர்வழி. பேசும்போதுகூடப் பேனாவை மூடமாட்டார்.

எதிரே தலைமை டாக்டரம்மா நின்றிருந்தார். ஸ்டோர்கீப்பர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஒரே வருஷத்துல மூணு பில். மூணும் ஒரே கடை. மக்கள் வரிப்பணம்மா இது. யார் வீட்டுச் சொத்துன்னு நெனச்சீங்க?"

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"கதையெல்லாம் வேண்டாம். வாங்கின பெயின்டைக் கண்ணால காட்டுங்க. இல்லேன்னா உங்களை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி இப்பவே எழுதிட்டுப் போயிடுவேன்."

டாக்டரம்மா ஸ்டோர்கீப்பரிடம் சாவி வாங்கி, மூலையிலிருந்த ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக இன்சுலின் குப்பிகள்.

"இதுதான் சார் அந்தப் பெயின்ட்."

அதிகாரி முழித்தார். டாக்டரம்மாவே விளக்கினார். பட்ஜெட்டில் மருந்துக்கு ஒதுக்குகிற பணம் ஆறே மாசத்தில் தீர்ந்துவிடும். கட்டடப் பராமரிப்புக்கு ஒதுக்குவதோ தாராளம். அந்தப் பணத்தில் மருந்து வாங்கக் கூடாது, அது விதி. செலவழிக்காமல் விட்டால் வருஷக் கடைசியில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அதுவும் விதி. விதி போட்ட மகராசன் வீட்டில் யாருக்கும் சுகர் இல்லை போலிருக்கிறது.

"கடைக்காரர் பெயின்டுன்னு பில் போட்டுட்டு, பணத்தை அப்படியே திருப்பிக் குடுத்துடுவார் சார். அதுல இன்சுலின் வாங்கிடுவேன். அறுபத்தெட்டு பேர் வர்றாங்க. அதுல பதினோரு பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. நாலு நாள் ஊசி நின்னா அதுங்க பொழைக்காது. வாங்கினவங்க கையெழுத்து எல்லாம் இந்த நோட்டுல இருக்கு. என்னை என்ன வேணா பண்ணுங்க. ஃபிரிட்ஜுக்கு மட்டும் சீல் வெச்சிடாதீங்க."

அதிகாரி நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பெரும்பாலும் கைநாட்டு.

"சட்டப்படி இது மோசடி. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா சரி," என்றவர் மடமடவென்று எழுதி நீட்டினார்.

'சுவர்களை நேரில் பார்வையிட்டேன். வர்ணப்பூச்சு நேர்த்தி. கட்டடப் பராமரிப்பில் இந்த ஆஸ்பத்திரி ஒரு முன்மாதிரி.'

டாக்டரம்மா அதை வாங்கிப் படித்தார். நன்றி சொல்வதற்குள் மனுஷர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அறிக்கை நிதித்துறைக்குப் போயிற்று. அங்கே அதை வரிக்கு வரி நம்பினார்கள்.

அடுத்த பட்ஜெட் வந்தது. மருந்துச் செலவு நாட்டின் கஜானாவையே விழுங்குகிறதாம். அதனால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் மருந்துப் பணத்தில் கால்வாசி வெட்டு. முன்மாதிரி ஆஸ்பத்திரிக்கு மட்டும் பாராட்டோடு சேர்த்து, வர்ணம் பூச மூன்று மடங்கு பணம்.

உத்தரவைப் படித்துவிட்டு ஸ்டோர்கீப்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். டாக்டரம்மா அதை வாங்கி நிதானமாக இரண்டு தடவை படித்தார்.

"அப்பாடா," என்றார். "இந்த வருஷம் ஒரு பிள்ளைக்கும் ஊசி நிக்காது."